இரண்டு தலையணையும் ஒரு கிரீடமும்

ஒலீட்டா மல்லின்ஸ் தலையணை துவைப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. மே மாதம் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. அந்த நாட்களில் விடிந்ததுமே எனக்கு ஃபோன் வந்துவிடும். "எட்னா, வெயில் நிக்கும்போல இருக்கு. வர்றியா?" என்பாள். நான் ஓடைப் பாலத்தைத் தாண்டிப் போவேன். அவள் வீடு அந்தக் கரை, என் வீடு இந்தக் கரை.

இறகுத் தலையணையை ஒருத்தியாகத் துவைக்க முடியாது. நனைந்தால் செத்த ஆட்டுக்குட்டி போலக் கனக்கும். முறுக்கிப் பிழியவும் கூடாது, உள்ளே இருக்கும் தூவி உடைந்துபோகும். ஒருத்தி அடியில் கைகொடுத்துத் தாங்க, இன்னொருத்தி மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நான் எப்போதும் தாங்குகிறவள். அழுத்துவது ஒலீட்டா.

அவளுக்கென்று சில கட்டளைகள் உண்டு. முதலில் தையலைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணி விட்டிருந்தாலும் மெஷினுக்குள் பனி பெய்துவிடும். ஒற்றைத் தலையணையைப் போடக் கூடாது, மெஷின் ஒரு பக்கமாக ஆடும், எப்போதும் ஜோடியாகத்தான். சோப்பு கொஞ்சம், அலசல் இரண்டு முறை. டிரையரில் சூடு குறைவாக வைத்து, சுத்தமான காலுறைக்குள் டென்னிஸ் பந்து இரண்டு போட்டு, மூன்று சுற்று ஓட விட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் வெளியே எடுத்து, துணிக்கு மேலாகவே விரலால் தடவி, கட்டி கட்டியாக ஒட்டியிருப்பதைப் பிரித்துவிட வேண்டும். "மூக்கை வெச்சுப் பாரு. நனைஞ்ச நாய் வாசனை வந்தா இன்னும் காயல" என்பாள்.

இறகுத் தலையணையைத் துவைக்கவே கூடாது, வெயிலில் போட்டாலே போதும் என்கிறவர்கள் எங்கள் சர்ச்சில் பாதிப் பேர். அவர்கள் வீட்டில் தலை சாய்த்தால் மூன்று தலைமுறை வேர்வை மணக்கும் என்று ஒலீட்டா சிரிப்பாள். மீதிப் பாதிப் பேர் தங்கள் தலையணைகளை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் கைபட்ட எதிலும் கறை தங்கியதாக நான் பார்த்ததில்லை.

ஆனால் அவள் வீட்டுப் படுக்கையறைத் தலையணைகள் இரண்டும் பதினோரு வருஷமாகத் தண்ணீர் பார்க்கவில்லை. இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

காரணம் ஹோபார்ட். அவள் கணவன். இருபத்தாறு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரல் முழுக்கக் கரித்தூளோடு வீட்டுக்கு வந்தவர். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். பகலிலும் தலையணையை அண்டக்கொடுத்துச் சாய்ந்துதான் இருப்பார். துவைக்கிறேன் என்று ஒலீட்டா கேட்டபோதெல்லாம், "துவைச்சா அது வேற தலையணை ஆயிடும்" என்று சொல்லிவிடுவார். உறையைக் கழற்றவும் அவளை விடவில்லை. சனிக்கிழமைதோறும் உறை மாற்றுவதும் அவர்தான். நடுநடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் செய்வார். சம்பாதிக்க முடியாத ஆள் ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும் என்று நினைக்கிறார் போல என்று ஒலீட்டா விட்டுவிட்டாள்.

அந்த இரண்டும் அவர்கள் கல்யாணத்துக்கு ஒலீட்டாவின் அம்மா செய்து கொடுத்தவை. ஒரே கூட்டத்து வாத்துகளின் நெஞ்சுத் தூவி, ஒரே நீலக்கோட்டுக் கெட்டித் துணி. ஹோபார்ட் ஜன்னல் பக்கம், ஒலீட்டா கதவுப் பக்கம். தன் தலையணை அமுங்குவதே இல்லை என்று அவளுக்கு ஒரு பெருமை. "என் தலைக்குள்ள ஒண்ணும் இல்லை எட்னா. அதான் அமுங்க மாட்டேங்குது" என்பாள்.

ஹோபார்ட் நல்ல மனிதரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி நேரம் குத்தலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒலீட்டாவை வண்டியில் சர்ச்சுக்குக் கூட்டிவருவார். உள்ளே வர மாட்டார். ஆராதனை முடியும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். எங்கள் பாஸ்டர் பிரதர் டாய்ல் எத்தனையோ முறை வெளியே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "இல்ல பிரதர், நான் வண்டியிலேயே இருந்துக்கறேன்." மனந்திரும்ப விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று பாட்டு பாடும்போது, ஒலீட்டா ஜன்னல் வழியாக அந்த வண்டியையே பார்ப்பாள். முப்பத்தெட்டு வருஷம் பார்த்தாள். அவள் வேண்டியது அது ஒன்றுதான். அவர் ஞானஸ்நானம் பெறாமல் போய்விடக் கூடாது. போய்விட்டால், பரலோகத்தில் அவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார் என்பது அவள் பயம்.

அந்த மே மாதம் அவரை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக டாக்டர் சொன்னார். புதன்கிழமை காலை ஒலீட்டா ஃபோன் பண்ணினாள்.

"எட்னா, அவர் வர்றதுக்குள்ள அந்த ரெண்டையும் துவைச்சிடலாம். யார்கிட்டயும் சொல்லாத."

போனேன். "உறையை நீயே கழட்டு. பார்க்க எனக்கு வெக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மெஷினைக் கவனிக்கப் போய்விட்டாள். நான்தான் கழற்றினேன். நான்தான் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, கறையைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். அவளிடம் கொடுத்தபோது கறை பெரும்பாலும் போயிருந்தது. பிறகு எப்போதும்போல நான் தாங்க, அவள் அழுத்த, டிரையருக்குள் போட்டோம்.

டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அவளுடைய அண்ணன் மகன் வந்து வண்டியில் கூட்டிப்போனான். நான் மட்டும் அந்த வீட்டில் இருந்தேன். சுற்று முடிந்து மணி அடித்தது. எடுத்தேன், முகர்ந்தேன், காய்ந்ததாகத்தான் தெரிந்தது. புது உறை போட்டுப் படுக்கையில் வைத்தேன். அவர் திரும்பி வருவார் என்று நினைத்து நன்றாகத் தட்டிக்கூட வைத்தேன்.

அவள் அங்கே போவதற்குள் ஹோபார்ட் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியின் பஞ்சுத் தலையணையில்.

மறுநாள் காலை ஹோபார்ட்டின் அக்கா வெஸ்டா வந்தாள். ஒரு கையில் வாழைப்பழப் புட்டிங், இன்னொரு கையில் தையல் பிரிக்கும் ஊசி. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் மலைப்பகுதியில் ஒருவர் இறந்தால் அவருடைய தலையணையைப் பிரித்துப் பார்ப்பார்கள். இறகெல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றிப் பின்னிக்கொண்டு, ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒரு சின்ன வளையமாக உள்ளே இருந்தால், அதுதான் கிரீடம். ஆள் பரலோகம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். வெஸ்டா தன் அம்மாவின் கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு டிவி மேல் வைத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறவர் தலையணையில் அது இருந்துவிட்டால் பயம். வளையம் முழுசாகக் கூடிவிட்டால் அவருக்கு நாள் நெருங்கிவிட்டது என்பார்கள்.

வெஸ்டா நேராகப் படுக்கையறைக்குப் போய் ஜன்னல் பக்கத்துத் தலையணையை எடுத்தாள். ஒலீட்டா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சமையலறை மேஜையில் ஒரு போர்வையை விரித்து, வெஸ்டா தையலைப் பிரித்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு மெதுவாகத் துழாவினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் கை நின்றது.

வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் அடங்கியது. சின்ன ரொட்டி அளவு. நடுவில் குழி. இறகின் தண்டெல்லாம் உள்ளே மறைந்து, நுனிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து, யாரோ தடவி வைத்தது போல. ஒரு பிசிறு இல்லை.

வெஸ்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "என் தம்பி வீடு போய்ச் சேந்துட்டான்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். "வண்டியிலயே இருந்துக்கறேன் இருந்துக்கறேன்னு சொல்லிட்டு, ஆளு உள்ள போயிட்டான் பாரு."

பிறகு ஃபோனை எடுத்தாள். பிரதர் டாய்லுக்கு, பங்காளிகளுக்கு, சர்ச் பெண்களுக்கு. பிரதர் டாய்லுக்குப் பெரிய நிம்மதி என்று அவள் சொன்னாள். ஞானஸ்நானம் பெறாத ஆளைப் பற்றி அடக்க ஆராதனையில் என்ன பேசுவதென்று அவர் ராத்திரி முழுக்கக் குழம்பிக்கொண்டிருந்தாராம்.

ஒலீட்டா என் கையைப் பிடித்து மெஷின் இருக்கும் பின்னறைக்கு இழுத்துப் போனாள்.

"எட்னா, டிரையர்லேர்ந்து எடுத்து எதை எந்தப் பக்கம் வெச்ச?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. உறை போட்டு வெச்சுட்டேன்."

அவள் மெஷின் மேல் சாய்ந்துகொண்டாள். "சரி. ஃபோன் வந்தப்போ ரெண்டாவது சுத்தா, மூணாவது சுத்தா?"

நான் மூன்றாவது என்று நினைத்தேன். அவள் இரண்டாவது என்று நினைத்தாள். சொல்லச் சொல்ல எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அது அவரோடதுன்னா, அவர் போய்ச் சேந்துட்டார். என்னோடதுன்னா, நான்தான் போகப்போறேன், அவர் எங்க இருக்காருன்னே தெரியாது. சரியா காயாத வெறும் கட்டின்னா, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல." மூன்று விரலையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுல நான் எதுக்குன்னு வேண்டிக்கறது?"

சமையலறையில் வெஸ்டா யாரிடமோ ஃபோனில் கிரீடத்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஃபோனிலும் அது கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு போனது.

வெஸ்டா குளியலறைக்குப் போன நேரத்தில் ஒலீட்டா மேஜையில் கிடந்த, இறகு கொட்டிய தலையணைத் துணியை எடுத்து முகத்தோடு வைத்து முகர்ந்தாள். சோப்பு வாசனை மட்டும்தான். வெளிச்சத்தில் பிடித்துக் கறையைத் தேடினாள். ஹோபார்ட் தலைக்கு எண்ணெய் பூசிப் படிய வாரும் ஆள். அந்த மஞ்சள் எங்கேயாவது துளி இருக்காதா என்று தையலோரம் வரை பார்த்தாள். ஒன்றும் இல்லை. நாங்கள் துவைத்த லட்சணம் அப்படி. "பாழாப்போன சுத்தம்" என்று முணுமுணுத்தாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை.

பகல் முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். பன்றித் தொடை, பீன்ஸ், சோள ரொட்டி, ஆப்பிள் அடுக்குக் கேக் என்று மேஜை நிறைந்தது. எல்லோரும் தட்டில் இருந்த கிரீடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒலீட்டாவைக் கட்டிப்பிடித்து, "இனிமே உனக்கு என்ன கவலை" என்றார்கள். ஒவ்வொருத்தர் கட்டிப்பிடிக்கும்போதும் அவள் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. நாளைக்கு அதைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைக்கப் போகிறார்கள். பிரதர் டாய்ல் எல்லார் முன்னாலும் ஹோபார்ட் ரட்சிக்கப்பட்டார் என்று சொல்லப் போகிறார். அது உண்மையானால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். பொய்யானால், அவருடைய தலைமாட்டிலேயே ஒரு பொய்யை வைத்தது அவள்தான்.

சாயங்காலம் கூட்டம் கலைந்து நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தபோது அவள் சொல்லிவிட்டாள்.

"வெஸ்டா, நான் அதைத் துவைச்சிட்டேன். நேத்து. ரெண்டையும் ஒண்ணா போட்டு. இது அவரோடதா என்னோடதான்னு எனக்குத் தெரியாது."

வெஸ்டா புட்டிங் கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கு முன்னாடி எப்பத் துவைச்ச?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

"பதினோரு வருஷமா? நீயா?"

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஊரில் யார் தலையணையில் என்ன கறை என்று ஒலீட்டா எத்தனை முறை மூக்கைச் சுளித்திருப்பாள். வெஸ்டாவுடைய தலையணையையே ஒரு தடவை இரண்டு விரலால் தூக்கிக் காட்டியிருக்கிறாள். வெஸ்டா அதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்த பிறகுதான் மீதி விஷயம் அவளுக்குள் இறங்கியது. கொஞ்சம் யோசித்தாள்.

"கிரீடம்னா தண்ணி அதை ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணை எடுத்துட்டு வா. அதையும் பிரிச்சுப் பார்ப்போம். அதுலயும் இதுமாதிரி இருந்தா இது வெறும் கட்டி."

ஒலீட்டாவே போய் எடுத்து வந்தாள். அவளே பிரித்தாள். ஐந்து நிமிஷம் கையை உள்ளே விட்டுத் தேடினாள். தூவி விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. கட்டி இல்லை, முடிச்சு இல்லை, வளையம் இல்லை. அவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தது.

ஆக, வெறும் கட்டி இல்லை. கிரீடம்தான். ஒரு விரல் மடங்கியது. இன்னும் இரண்டு விரல் நின்றது.

வெஸ்டா ஒலீட்டாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு. நின்னுக்கிட்டே இருக்காத" என்றாள். காலையிலிருந்து அவளை உட்காரச் சொல்லாதவள், ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். "நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணல."

"போன வாரம் தலை சுத்துதுன்னியே."

"அது பட்டினி கிடந்ததால."

ஒலீட்டா பயப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் கண் முழுக்கக் கிரீடம் இல்லாத அந்த இரண்டாவது தலையணை மேல் இருந்தது. அது அவருடையதாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவள் யோசனை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாளிலிருந்தே என் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் உதவுமா, இன்னும் குழப்புமா என்று தெரியாமல் வாயை மூடியே வைத்திருந்தேன். வெஸ்டா முன்னால் பேசுவதென்றாலே எனக்குக் கூச்சம்.

"அக்கா, நீங்க தலைக்கு எண்ணெய் வைப்பீங்களா?" என்று ஒலீட்டாவைக் கேட்டேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நானா? எப்பவும் வெச்சதில்ல. எதுக்குக் கேக்கற?"

"உறையைக் கழட்டினப்போ ரெண்டுலயும் எண்ணெய்க் கறை இருந்துச்சு. ஒரே அளவு, ஒரே இடத்துல. ஒண்ணுல அதிகம் ஒண்ணுல கம்மின்னு இல்ல. நான்தான் தேய்ச்சேன்."

திறந்து கிடந்த தலையணையிலிருந்து ஒரு தூவி எழுந்து, அடுப்புச் சூட்டில் மேலே போய், மெதுவாக இறங்கியது.

"ரெண்டுலயும் படுத்திருக்கான்" என்றாள் வெஸ்டா. "நீ எங்க படுத்த?"

"கதவுப் பக்கம்தான். எப்பவும்." ஒலீட்டா கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தாள். "சனிக்கிழமை உறை மாத்தறது அவர்தான். என்னைக் கிட்ட விடமாட்டார். நாள் முழுக்க அதுலயே சாஞ்சிருப்பாரு. ஒரு வாரத்துல தட்டையாப் போயிடும். என்னோடது அப்படியே உப்பி இருக்கும்."

அவள் திறந்து கிடந்த தலையணையைத் தடவினாள்.

"வாரா வாரம் பக்கம் மாத்தி வெச்சிருக்கார். மாத்தறதுன்னா அதைத்தான் அவர் எடுத்துக்கணும். உப்பலா இருக்கறதை எடுத்துட்டு, தட்டையை எனக்குத் தள்ளணும். அப்படித்தானே யாரும் செய்வாங்க? ஆனா எனக்கு ஒருநாளும் தட்டையா வந்ததில்ல."

"தட்டித் தட்டி உப்ப வெச்சிருப்பான்" என்றேன் நான். சொன்ன பிறகுதான், இறந்த மனிதரை 'அவன்' என்று சொல்லிவிட்டது உறைத்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அரை மணி நேரம்" என்றாள் ஒலீட்டா. "உறை மாத்த அரை மணி நேரம் எதுக்குன்னு நான் ஒருநாள்கூடக் கேக்கல. உள்ளேர்ந்து தட்டற சத்தம் கேக்கும். மூச்சு வாங்கற சத்தமும் கேக்கும். டிவி பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இதுல என் தலை லேசுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

ஏன் மாற்றினார் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரே தலையணை ஒரேயடியாகத் தட்டையாகிவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம். ஒரு வாரம் அவள் தலை பட்டது தனக்கு வேண்டும் என்று இருக்கலாம். வெஸ்டா, "அவனுக்கு எது எந்தப் பக்கம்னு ஞாபகம் இருந்திருக்காது" என்றும் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் குரலும் இறங்கித்தான் இருந்தது.

"அப்ப இது யாரோடது?" என்று வெஸ்டா தட்டில் இருந்த கிரீடத்தைக் காட்டினாள்.

"ரெண்டு பேரோடதும்."

"பாதிப் பாதியா? பாதிக் கிரீடத்தைப் பத்தி பிரதர் டாய்ல் என்னன்னு பேசுவாரு?"

"அவர் எதையும் முழுசாச் செஞ்சவரா என்ன" என்றாள் ஒலீட்டா. அன்றைக்கு அவள் முதல் தடவையாக அழுதது அப்போதுதான்.

மறுநாள் சவப்பெட்டியின் தலைமாட்டில் கிரீடம் இல்லை. ஒலீட்டா அதை வைக்க விடவில்லை. நடந்ததையெல்லாம் பிரதர் டாய்லிடம் வெஸ்டா சொல்லியிருந்தாள், அவளுக்குப் புரிந்த வரைக்கும். அவர் கிரீடத்தில் ஆரம்பித்து, தலையணைக்குப் போய், இரண்டு தலை ஒரு வீடு என்று ஏதோ சொல்லி, பாதியில் நின்று, பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். வெளியே சாப்பாட்டின்போது ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். சிலர் ஒலீட்டாவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். சிலர் இதுதான் கடைசி என்பது போல அவள் கையை நெடுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் அந்தக் கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் போடவில்லை. வெஸ்டா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அது இருந்த தலையணைக்குள்ளேயே ஒலீட்டா திரும்ப வைத்து, தூவியை நிரப்பி, கையாலேயே தைத்து மூடினாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஒலீட்டா இன்னும் இருக்கிறாள். போன மாதம்கூட ஏணியில் ஏறிக் கூரையோர மழைநீர்த் தகரத்தில் அடைத்திருந்த இலையை எடுத்தாள். போய்ச் சேர்ந்தது வெஸ்டாதான். இருமல் வருகிறதென்று கடைசிக் காலத்தில் ஸ்பாஞ்சுத் தலையணைக்கு மாறியிருந்தாள். அதனால் பிரித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. ஒலீட்டாவும் நானும் அந்தத் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு படுக்கையிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

மே மாதமும் செப்டம்பரும் எனக்கு இன்னும் ஃபோன் வருகிறது. எல்லார் தலையணையும் துவைக்கிறோம். அந்த ஒன்றை மட்டும் மெஷினில் போடுவதில்லை. அதன் ஜோடியைத் துவைக்கும்போது, மெஷின் ஆடாமல் இருக்க, சுருட்டிய துண்டு இரண்டைக் கூடப் போடுகிறோம். துவைக்காததில் கறை ஏறிக்கொண்டு வருகிறது. இப்போது எது எது என்று யாருக்கும் சந்தேகம் வராது.

படுக்கையில் இன்னும் இரண்டு தலையணைதான். சனிக்கிழமை உறை மாற்றும்போது அவள் பக்கம் மாற்றி வைக்கிறாள். போன சனிக்கிழமை நான் கதவருகில் நின்று பார்த்தேன். தட்டையான ஒன்றை எடுத்து, ஓரத்திலிருந்து தட்டித் தட்டி, நான்கு மூலையும் எழும்பும் வரை விடாமல் தட்டினாள். பிறகு அதை ஜன்னல் பக்கம் வைத்தாள்.

"அந்தப் பக்கம் யாரும் படுக்கறதில்லையேக்கா."

"தெரியும்."

"அப்ப எதுக்கு?"

அவள் தலையணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கே சரியாத் தெரியல எட்னா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை தட்டினாள்.